அத்தைக்கு ஒரு மெத்தை

செவ்வாய்க்கிழமை சாயங்காலம், செருப்பைக் கழற்றி முடிப்பதற்குள் மெத்தைக்கடை மேலாளருக்குத் தீர்ப்பு சொல்லப்பட்டது.

"ஞாயித்துக்கிழமை அத்தை வர்றாங்க. உங்க ரூமைக் காலி பண்ணுங்க," என்றாள் மனைவி.

அவர் ஒற்றைச் செருப்போடு நின்றுவிட்டார்.

அத்தை என்றால் மனைவியின் அப்பாவுக்கு அக்கா. ஓய்வு பெற்ற தலைமையாசிரியை. போன தடவை 'ரெண்டு நாள்' என்று வந்து நாலு மாதம் இருந்தவர். மேலாளர் தும்மினால்கூட, "சரியில்லை, இன்னொரு தரம்" என்று திரும்பத் தும்ம வைத்தவர். அந்த ரூமோ, வீட்டில் மேலாளருக்கு மிஞ்சியிருந்த ஒரே நிலப்பரப்பு. ஒரு சாய்வு நாற்காலி, ஒரு சதுரங்கப் பலகை. இரண்டு பக்கமும் அவரே ஆடுவார். அந்த வீட்டில் அவர் ஜெயித்த ஆட்டம் அது ஒன்றுதான்.

"எத்தனை நாளைக்கு?"

"வர்றவங்ககிட்ட அதையா கேப்பாங்க? வசதியா ஒரு ரூம் போட்டுக் குடுங்க. மெத்தைக்கடையில இருக்கீங்க, இதுகூடத் தெரியாதா?"

தெரியும். உலகத்தில் சிலர் மெத்தப் படித்தவர்கள். இவர் மெத்தையைப் படித்தவர். வசதி எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தவருக்கு, அதை எந்த வழியாக அனுப்பலாம் என்பதும் தெரியும். அப்போதே முடிவெடுத்தார். பார்த்தால் அரண்மனை, படுத்தால் முள். மூன்றாம் நாள் அத்தை தானாகப் பெட்டியைக் கட்ட வேண்டும். தன்மேல் ஒரு தூசு விழக்கூடாது. விழுந்தால் ரூமோடு மானமும் போகும்.

வியாழக்கிழமை மெத்தை வந்தது. மூன்று வாடிக்கையாளர்கள் திருப்பி அனுப்பியது. கடையில் அதற்குப் பட்டப்பெயர் 'படகு'. எந்தக் கரையில் ஏறினாலும் நடுவில் கொண்டுபோய் இறக்கும். பூப்போட்ட விரிப்பை இழுத்துவிட்டதும் விளம்பரப் படம் மாதிரி இருந்தது. வெள்ளிக்கிழமை, செங்கல்லுக்குப் பங்காளி முறையாகும் இரண்டு தலையணைகள். ஜன்னலுக்குப் பளபளக்கும் திரை. நடுவில் மட்டும் நாலு விரல் சேராது. விடிகிற வெயில் நேராகக் கண்ணில் குத்தும்படி கட்டிலை அளந்து போட்டார்.

சனிக்கிழமை மனைவி பார்வையிட வந்தாள். மேலாளர் பின்னாலேயே வந்தார்.

தலையணையைத் தட்டினாள். 'டொக்' என்றது.

"கழுத்துக்கு நல்லதுன்னு டாக்டருங்களே சொல்றாங்க."

"நான் ஒண்ணும் கேக்கலையே?"

மெத்தை ஓரத்தில் உட்கார்ந்தாள். மெல்ல மெல்ல நடுவுக்குப் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்தே அவரைப் பார்த்தாள். மேலாளரின் முதுகில் வேர்வை ஒரு கோடு போட்டு இறங்கியது.

"அத்தைக்குன்னே பார்த்து எடுத்தீங்களா?"

"அத்தைக்குன்னே."

"வேற யாருக்காவது இதைக் குடுப்பீங்களா?"

"சேச்சே! மனசு வருமா?"

"ரொம்ப நல்லா இருக்கு. எதையும் மாத்தாதீங்க."

பதினெட்டு வருட இல்லறத்தில் மறுபேச்சில்லாமல் அவள் ஒப்புக்கொண்ட முதல் காரியம் அது. அவருக்கு அதுதான் இடித்தது.

ஞாயிறு பதினொரு மணிக்கு வாசலில் கார் நின்றது. இறங்கியவர் தலைமையாசிரியை இல்லை. மேலாளரைப் பெற்ற அம்மா.

மேலாளரின் தம்பி வீட்டில் இருப்பவர். இந்த வீட்டு மருமகளோடு மனஸ்தாபமாகி ஆறு வருடமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காதவர். அந்த ஆறு வருடமும் மனைவியின் வாயில் அவர் வெறும் 'உங்கம்மா'. இருவரும் போன மாதமே போனில் ராசியானது மேலாளருக்கு மட்டும் தெரியாது.

அம்மா கை கால் கழுவப் போன நேரத்தில் மனைவியை ஓரம் கட்டினார். "அத்தைன்னு சொன்னே?"

"புருஷனோட அம்மாவை வேற எப்படிச் சொல்லுவாங்க?"

"நான் உங்கப்பாவோட அக்கான்னு நெனச்சேன்!"

"தலையணையைத் தட்டினப்பவே தெரிஞ்சுது."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

"எங்க அத்தைக்கு முள்ளு, உங்க அம்மாவுக்குப் பூவான்னு பார்த்தேன்."

ரூமுக்குள்ளிருந்து ஒரு முனகல். இருவரும் ஓடினார்கள். அம்மா நடுப்பள்ளத்தில் கிடந்தார்.

"இதை யாருடா போட்டது?"

மேலாளர் வாயைத் திறந்தார். மனைவி முந்திக்கொண்டாள். "எல்லாம் உங்க பிள்ளைதான் அத்தை. என்னை ஒரு விரிப்பைக்கூடத் தொட விடலை."

அம்மா கையை நீட்டினார். மகன் பாய்ந்தார். கை அவரைத் தாண்டி மருமகளிடம் போனது.

"தூக்கி விடும்மா. இவன் பேச்சைக் கேட்டுத்தான் உன்னை இத்தனை நாள் தப்பா நெனச்சேன். நான் உன்கூடவே படுத்துக்கிறேன்."

"வாங்க அத்தை. நம்ம கட்டில் பெருசு."

மாமியாரின் பெட்டியைத் தூக்கிக்கொண்ட மனைவி, நிலைப்படியில் திரும்பினாள்.

"அத்தைக்கு இங்கதான் கண் ஆபரேஷன். முடிஞ்சு மூணு மாசம் இருப்பாங்க. நீங்க பயந்த மாதிரி இல்லைங்க. உங்க ரூம் உங்களுக்குத்தான்."