ஒரு பவுண் புரட்சி

"இண்டைக்கு அந்தக் கடையில ரெண்டில ஒண்டு பாக்கிறன்!"

சொன்னது நான்தான். கஸ்பர். பியற்றிஸின் கணவன். கலியாணத்துக்குப் பிறகு வீட்டில் நான் குரலை உயர்த்தியது இது இரண்டாம் தடவை. முதல் தடவை பல்லுவலி.

காரணம் சரிட்டிக் கடை. லண்டனில், ஈஸ்ட் ஹாம் ஹை ஸ்ட்ரீட்டில், நகைக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. சனங்கள் தானமாகக் கொடுக்கிற பழைய உடுப்புகளை விற்று, குணமாகாத நோயாளிகளைப் பராமரிக்கிற இல்லமொன்றுக்குக் காசு சேர்க்கிறார்கள். பியற்றிஸ் அங்கே சம்பளமில்லாமல் வேலை செய்கிறாள். எனக்கும் சரிட்டிக்கும் பழைய உறவு. அவள் எதைச் சொன்னாலும் 'சரி' என்பேன். 'டி' சேர்க்கிற துணிவுதான் இன்னும் வரவில்லை.

2009 மார்கழி. வெளியே பனி. சோற்றைப் போட்டபடியே கதையைத் தொடங்கினாள்.

"பாவம் ஜெயகௌரி, பின் ரோட்டில இருக்கிற பிள்ளை. புருசனுக்கும் வேலை போயிட்டுது. மகளுக்கு ஒரு குளிர்க் கோட் எடுத்தவ. விலையைப் பாத்திட்டுத் திரும்பக் கொழுவிப்போட்டுப் போயிட்டா."

"எவ்வளவு?"

"பத்துப் பவுண்."

"தானமாக் கிடைச்ச கோட்டுக்குப் பத்தோ! நீர் குறைச்சுக் குடுத்திருக்கலாமே?"

"குறைச்சால் இல்லத்து நேர்ஸுக்கு ஆர் சம்பளம் குடுக்கிறது? நீங்களோ?"

"அதுக்காகக் குளிர்ல நடுங்கிற பிள்ளையிட்டயோ பிடுங்கிறது?"

"மலிவாப் போட்டாலும் கரைச்சல். ஒரு யாவாரி பையோட வந்து அள்ளிக்கொண்டுபோய்ச் சந்தையில கூட்டி விக்கிறான். விடுங்கோ. மனேஜரோட கதைக்க ஆருக்குத் துணிவிருக்கு? உங்களுக்கோ?"

அந்தக் கடைசி 'உங்களுக்கோ' என்னைச் சுட்டது. கையை உதறி எழும்பினேன். பொரித்த மீனை முடித்துவிட்டுத்தான்.

மனேஜர் எட்வேட் எங்கள் மாதா கோயில் பங்கைச் சேர்ந்த தமிழர். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் சிரிப்பார். அந்தச் சிரிப்பைக் கடைக்குக் கொண்டுவரமாட்டார். நான் நுழைந்தபோது கடை நிறைய ஆட்கள். நல்லது. புரட்சிக்குச் சாட்சி வேண்டும்.

"எட்வேட்! ஏழைக்கு எட்டாத விலையில விக்கிறதுக்குப் பேர் தர்மமோ?"

"அண்ணை, மெல்லக் கதையுங்கோ."

"ஏலாது! ஒரு பவுண் எண்டு போடும்!"

"பவுணோ? தங்கமெண்டால் பக்கத்துக் கடை."

யாரோ சிரித்தார்கள். நான் அசையவில்லை.

"எல்லாத்துக்கும் போடச் சொல்லேல்ல. வாசலில ஒரு கம்பி வையும். அதில தொங்கிறதெல்லாம் ஒரு பவுண். ஆளுக்கு ஒரு உடுப்பு. அப்ப யாவாரியும் அள்ள ஏலாது."

இந்த அபார யோசனை எனக்கு எப்படி வந்தது? தெரியாது. வருகிற வழியெல்லாம் பியற்றிஸ் பக்கத்தில் ஏதோ முணுமுணுத்துக்கொண்டு வந்தாள். அவ்வளவுதான் ஞாபகம்.

எட்வேட் தாடையைத் தடவினார்.

"சரி அண்ணை. ஆனால் கடைச் சாமானில கை வைக்கமாட்டன். அது நோயாளியளின்ர காசு. உங்கட கம்பிக்கு உடுப்பு ஆர் தாறது?"

"நாங்கள் தருவம்!"

குரல் என் முதுகுக்குப் பின்னாலிருந்து வந்தது. பியற்றிஸ். சனம் கைதட்டியது. நான் குனிந்து வணக்கம் சொன்னேன். நிமிரும்போதுதான் அந்த 'நாங்கள்' காதில் ஏறியது.

சனிக்கிழமை காலை அலுமாரியைத் திறந்தேன். உடுப்புக் கொழுவிகள் மட்டும் ஒன்றோடொன்று முட்டிக் கிலுகிலுத்தன. நத்தார் நள்ளிரவுப் பூசைக்கு வைத்திருந்த சூட் இல்லை. தோல் ஜாக்கெட் இல்லை. வேலைக்குப் போடுகிற காற்சட்டைகூட இல்லை. மிச்சம், நான் இடுப்பில் கட்டியிருந்த சாரமும் மேலே பனியனும். கதவடியில் கிடந்த சப்பாத்தை மாட்டி, பியற்றிஸின் இளஞ்சிவப்புக் கம்பளிச் சால்வையைப் போர்த்திக்கொண்டு ஓடினேன். பனிக்குள் சாரத்தோடு ஓடியவனுக்கு ஹை ஸ்ட்ரீட் முழுவதும் வழி விட்டது.

கடை வாசலில் கம்பி. கம்பியில் என் வாழ்க்கை. வாங்குவதற்கு நீண்ட வரிசை. சூட்டை முன்வீட்டு இராசரத்தினம் ஏற்கெனவே போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். பாழாய்ப் போனவருக்கு என்னைவிட நன்றாகப் பொருந்தியது.

வரிசையின் முன்னால் ஜெயகௌரி. எங்கள் மகள் துசியந்தி சின்னதில் போட்ட சிவப்புக் கோட்டை எடுத்திருந்தாள். அருகில் அவளின் மகள் துள்ளிக்கொண்டு நின்றாள். சும்மா கொடுத்திருந்தால் வாங்கியிருக்கமாட்டாள், ரோசக்காரி. நிமிர்ந்து நின்று ஒரு பவுணை வைத்தாள். பிறகு என்னைக் கண்டாள்.

"அண்ணை, நீங்கள்தானே எங்களுக்காகக் கதைச்சது?"

வரிசை முழுவதும் கைதட்டியது. இனி உடுப்பைத் திருப்பித் தா என்று எப்படிக் கத்துவது? கையை உயர்த்தி "விலையேற்றம் ஒழிக!" என்றேன். மற்றக் கை சாரத்தைப் பிடித்துக்கொண்டது.

காசு மேசையில் பியற்றிஸ். குனிந்து ரகசியமாகக் கேட்டேன்.

"என்ர உடுப்பைத் தாரும்."

"ஆளுக்கு ஒண்டு. நீங்கள் போட்ட சட்டம்."

"நான் என்ன வெளியாளோ?"

"வரிசை அங்கை."

"எட்வேட், இந்த அநியாயத்தைப் பாருமன்!"

எட்வேட் சிரித்தார். சனிக்கிழமையில்!

"அண்ணை, பியற்றிஸ் கனகாலமா இந்தக் கம்பியைக் கேட்டவ. நான் ஏலாது எண்டிட்டன். 'அப்ப சத்தம் போடுற ஒராளைக் கூட்டிக்கொண்டு வாறன்' எண்டு சொல்லிப்போட்டுப் போனவ."

இருக்கட்டும். அதனால் என்ன? விலை இறங்கியது என்னால். பிள்ளைக்குக் கோட் கிடைத்தது என்னால். கஸ்பர் எவருக்கும் அஞ்சமாட்டான், எவருக்கும் பணியமாட்டான். இதையெல்லாம் வரிசையில் கடைசி ஆளாக நின்று மனதுக்குள் முழங்கினேன்.

என் முறை வந்தபோது கம்பியில் இரண்டே இரண்டு தொங்கின. தோல் ஜாக்கெட். காற்சட்டை.

"எது வேணும்? கெதியாச் சொல்லுங்கோ, கம்பியைக் கழட்டப் போறம்."

ஜாக்கெட்டைத் தடவினேன். காற்சட்டையை எடுத்தேன்.

"ஒரு பவுண்" என்று கையை நீட்டினாள் பியற்றிஸ்.

சாரத்தில் பொக்கற் இல்லை.