பத்துல ஒண்ணு அண்ணாச்சி

விருதுநகர் ஜில்லாவிலேயே, ஏன், தமிழ்நாட்டிலேயே எதையும் முழுசாக நம்பாமல் நிம்மதியாக வாழ்ந்த ஒரே மனிதர் எங்கள் பட்டறையின் டிராயிங்காரர்தான். அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் 'பத்துல ஒண்ணு' அண்ணாச்சி.

விருதுநகர் - சிவகாசி ரோட்டில், அச்சாபீஸ்களுக்குக் காற்று கம்ப்ரசர் செய்கிற பட்டறை எங்களுடையது. கம்ப்ரசரின் வெளிக்கூடு, அதாவது நெருக்கின காற்றை உள்ளே பிடித்து வைத்திருக்கும் வார்ப்பிரும்பு கேசிங், எத்தனை மில்லி கனம் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு வரைவது அண்ணாச்சியின் வேலை. ஆர்டர் பிடிப்பதும், பார்ட்டியிடம் வசவு வாங்குவதும் என் வேலை.

அவரிடம் அட்டை பிய்ந்த ஸ்டாண்டர்டு புஸ்தகம் ஒன்று இருந்தது. வார்ப்பிரும்பு எவ்வளவு இழுத்தால் உடையுமோ, அதில் பத்தில் ஒரு பங்குதான் அதன்மேல் ஏற்றலாம் என்பது அதில் உள்ள விதி.

"எஃகு நல்ல பய தம்பி. உடையுறதுக்கு முன்னால வீங்கிக் காட்டும், வளைஞ்சு காட்டும். வார்ப்பு அப்படியில்ல. சொல்லாமக் கொள்ளாமப் போயிரும். அதான் பத்துல ஒண்ணு" என்பார்.

சரி, இரும்போடு நிறுத்தினாரா? அதுதான் இல்லை!

புரோட்டாக் கடைக்குக் கூட்டிப் போனால் ஒன்றே ஒன்று சாப்பிட்டுக் கை கழுவிவிடுவார். "என்ன அண்ணாச்சி, வயிறு சரியில்லையா?" என்று கேட்டால், "என் வயிறு பத்து தாங்கும் தம்பி. அதனால ஒண்ணு" என்பார். எண்ணெய் புரோட்டாவை முன்னால் வைத்துக்கொண்டு இப்படிப் பேச எந்த மனுசனால் முடியும்? பிளாஸ்டிக் சேரில் உட்காரச் சொன்னால் நாலு காலையும் தட்டிப் பார்த்துவிட்டு, நின்றுகொண்டே பேசுவார். ஷேர் ஆட்டோ வந்தால் தலையை எண்ணுவார். அவர் எண்ணி முடிப்பதற்குள் ஆட்டோ சூலக்கரை தாண்டியிருக்கும்.

உச்சகட்டம் முதலாளி மகள் கல்யாணம். போட்டோவுக்காக மேடையில் சொந்தக்காரர்கள் இருபது பேர் ஏறி நிற்க, அண்ணாச்சி கீழே குனிந்து பலகையைப் பார்த்தார். அவ்வளவுதான்.

"எல்லாரும் இறங்குங்க! மாப்பிள்ளையும் பொண்ணும் மட்டும் நில்லுங்க! அம்மா, நீங்க முதல்ல இறங்குங்கம்மா!"

அவர் முதலில் இறங்கச் சொன்னது சம்பந்தியம்மாவை. அந்தம்மாள் கொஞ்சம் பூசினாற்போல இருப்பார். முதலாளி முகத்தில் ஈயாடவில்லை. நான் சிரித்ததில் பாயசம் மூக்கில் ஏறிவிட்டது.

பார்ட்டிகளிடம் மட்டும் என்னால் சிரிக்க முடியவில்லை. "கம்ப்ரசர் கேட்டா தேரு செஞ்சு அனுப்பியிருக்கீக!" என்று போனிலேயே கத்துவார்கள். பக்கத்துப் பட்டறைக்காரன் பன்னிரண்டு மில்லியில் கொடுக்கிறான். எங்கள் கேசிங் பதினெட்டு; கனமும் கூட, விலையும் கூட. ஒரு வருசம் சீசனுக்கு முன்னால், சிவகாசியில் ஒரு காலண்டர் அச்சாபீஸ் ஆர்டர் அப்படிக் கையைவிட்டுப் போகிற நிலைமை. முதலாளி என்னைக் கூப்பிட்டு, "இது போச்சுன்னா பட்டறையை மூடிற வேண்டியதுதான். நீங்கதான் ஏதாச்சும் பண்ணணும்" என்றார்.

அண்ணாச்சி அப்போது அம்மன் கோயில் பங்குனிப் பொங்கலுக்கு லீவில் போயிருந்தார். போகும்போது, ஸ்டாண்டு, பெல்ட் மூடி மாதிரிச் சில்லறை டிராயிங்குக்கு அவசரத்துக்கு ஆகட்டும் என்று, வெறும் தாள் இரண்டில் கையெழுத்துப் போட்டு என்னிடம் கொடுத்திருந்தார். இரும்பைப் பத்தில் ஒன்று நம்பினவர் என்னைப் பத்துக்குப் பத்தும் நம்பியிருந்தார்.

நான் கம்ப்யூட்டரில் பதினெட்டைப் பன்னிரண்டாக்கி, அந்தத் தாளில் பிரிண்ட் எடுத்து வார்ப்புப் பட்டறைக்கு அனுப்பிவிட்டேன். பாவி நான்.

பொங்கல் முடிந்து அவர் வருவதற்கும், கேசிங்குக்குள் தண்ணீர் ஏற்றி அழுத்தம் கொடுத்துச் சோதிப்பதற்கும் சரியாக இருந்தது. ஒரு சொட்டு கசியவில்லை. பையன்கள் விசில் அடித்தார்கள். அண்ணாச்சி ஸ்பானரால் ஒரு தட்டுத் தட்டினார். சத்தம் மெலிசாகக் கேட்டதும் டிராயிங்கை வாங்கிப் பார்த்தார். தன் கையெழுத்தையே ரொம்ப நேரம் பார்த்தார்.

"அதான் பாஸ் ஆயிருச்சே அண்ணாச்சி!" என்றேன்.

"பாஸ் ஆனது இன்னைக்குத் தம்பி. தெனமும் சூடாகி ஆறும், ஏறி இறங்கும், அதிரும். உள்ள ஒரு குமிழி இருந்தா என்ன ஆகும்? இத அனுப்பாதீக."

"வேன் வந்து நிக்குது அண்ணாச்சி."

அவர் கத்தவில்லை. "கையெழுத்து என்னோடதாச்சே" என்று மட்டும் சொன்னார். அன்றைக்கே வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊரான மல்லாங்கிணறுக்குப் போனவர், பட்டறைப் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த ஆறு வருசமும் நான் டீக்கடையில் இதைக் கதையாகச் சொல்லிச் சிரித்தேன். "வெடிக்கும் வெடிக்கும்னாரு. எங்க வெடிச்சுச்சு? நாம என்ன பட்டாசா செய்றோம்?" இந்த வருசம் சித்திரையில் அவர் இறந்துபோனதாகத் தகவல் வந்தது. துட்டி கேட்கக்கூடப் போகவில்லை. வேலை இருந்தது என்று எல்லோரிடமும் சொன்னேன். எந்த முகத்தோடு போவது என்பதுதான் நிஜம்.

ஆனியில் அந்த அச்சாபீஸுக்கு ஒரு வேலையாகப் போனேன். மெஷின் ஓட்டுகிற முத்து ஓடி வந்து கையைப் பிடித்துக்கொண்டான்.

"அண்ணே, உங்க கம்பெனி மாதிரி சர்வீசு சிவகாசியில எவனும் தரமாட்டான்."

"என்ன சர்வீசுலே?"

"மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை பெரியவரை அனுப்புவீகல்ல? வந்த முதல் நாளே சேஃப்டி வால்வு திறக்குற அழுத்தத்தை எட்டு கிலோவுல இருந்து அஞ்சுக்கு இறக்கி வச்சுட்டாரு. ஏத்தக் கூடாதுன்னு சத்தியமே வாங்கிட்டாரு. அப்புறம் மண்ணெண்ணெயத் தடவித் தொடச்சு, சாக்பீஸ் தூளைப் பூசிப் பாப்பாரு. விரிசல் இருந்தா எண்ணெய் கோடு கோடாத் தெரியுமாம். ஆறு வருசமா ஒரு மாசம் தப்பல. இப்ப மூணு மாசமா ஏன் அவரை அனுப்பல?"

அண்ணாச்சி மல்லாங்கிணறிலிருந்து இரண்டு பஸ் மாறி வந்திருக்கிறார். நாங்கள் அனுப்பினதாகப் பொய் வேறு. வாழ்க்கையில் அவர் சொன்ன ஒரே பொய் அதுவாகத்தான் இருக்கும், அதுவும் எங்கள் மானத்தைக் காப்பாற்ற.

நான் மண்ணெண்ணெய் கேட்டேன். தடவி, துடைத்து, தூள் பூசினேன். காற்று போகும் குழாய் சேர்கிற இடத்தில், தலைமுடி மாதிரி, இரண்டு அங்குலத்துக்கு ஈரக் கோடு ஒன்று மெல்ல எழுந்தது. தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் இருபது பெண்கள் பேசிச் சிரித்தபடி காலண்டரின் மேல் விளிம்பில் தகரம் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"முத்து, மெயினை ஆஃப் பண்ணுலே!" என்று நான் போட்ட சத்தத்தில் தகரம் அடிக்கிற ஓசையும் நின்றுவிட்டது.

முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பதினெட்டு மில்லியில் புதுக் கேசிங் வார்த்து மாட்டினோம். டிராயிங்கில் இந்தத் தடவை என் கையெழுத்து. மறுநாள் மல்லாங்கிணறுக்குப் போனேன்.

அவர் சம்சாரம் தண்ணீர் கொடுத்தார்கள். நான் செய்ததை ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"தெரியும்யா. அவுக அன்னைக்கே சொன்னாக."

"என்னைய ரொம்பத் திட்டினாரா?"

"இல்லய்யா. அந்தத் தம்பி நல்ல தம்பிதான், முதலாளியும் பார்ட்டியும் சேந்து அவரால தாங்க முடியாத அளவுக்கு ஏத்திட்டாகன்னு சொன்னாக. ஒருநா வருவாரு, வந்தா சாப்பிடாம அனுப்பாதன்னும் சொன்னாக. சாப்பிட்டீகளா?"

ஆறு வருசம், அரை மணி நேரப் பஸ் தூரத்தில் இருந்தார். ஒரே ஒரு தடவை என்னை நேரில் பார்த்துத் திட்டியிருக்கலாம், அண்ணாச்சி.