மூணாவது கூப்பாட்டுக்குத்தான் வருவேன்

ஸ்ரீவில்லிபுத்தூர் கோர்ட் வாசலில் எங்கள் ‘மூணுதடவை’ அண்ணாச்சி கூப்பிட்டும் ஒருவன் வரவில்லை என்றால் அவன் செத்திருக்க வேண்டும். இல்லையென்றால் துபாயில் இருக்க வேண்டும். துபாயிலேயே இருந்தாலும் காது சரியாகக் கேட்கிறவன் என்றால் பெட்டியைக் கட்டியிருப்பான் என்பது என் கட்சி. அண்ணாச்சி அங்கே டவாலியாக இருந்தவர். வெள்ளைச் சட்டைக்குக் குறுக்கே சிவப்புப் பட்டை போட்டுக்கொண்டு, வழக்குக்கு வந்தவர்களின் பேரை நடுநடுவே மூச்சு வாங்கி, கடைசி எழுத்தை இழுத்து, மூன்று முறை கூப்பிட வேண்டும். முப்பத்துச் சொச்சம் வருஷம் அதுதான் உத்தியோகம்.

அரசாங்கம் ஓய்வு கொடுத்தது. தொண்டை அதை வாங்கிக்கொள்ளவில்லை. ராஜபாளையத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரர் அவர். கீரைக்கார அம்மாவை மூன்று முறை கூப்பிடுவார். தண்ணீர் கேன் போடுகிறவரை மூன்று முறை கூப்பிடுவார். அவர் வீட்டுப் பூனைக்குக் கூட மூன்று முறைதான்; அதுவும் மூன்றாவதுக்குத்தான் எழுந்து சோம்பல் முறிக்கும். ஊர்க்காரர்கள் பேரையெல்லாம் கூப்பிட்டவருடைய சொந்தப் பேர் எங்கள் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. எனக்கு ‘அண்ணாச்சி’, என் பிள்ளைகளுக்கு ‘மூணுதடவ தாத்தா’.

பிள்ளைகள் என்றால் மித்ராவுக்கு ஏழு வயது, கவினுக்கு மூன்றரை. போன கோடை விடுமுறையில் என் மனைவி கலா ஒரு சட்டம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை தோறும் பிள்ளைகளை எங்காவது வெளியே கூட்டிக்கொண்டு போக வேண்டும், இல்லையென்றால் டி.வி. ரிமோட்டைக் கிணற்றில் போட்டுவிடுவாள். நானும் மில்லில் வாரம் முழுக்க ஷிப்ட் பார்த்த களைப்போடு பழைய காரைத் துடைத்தேன். எதிர்வீட்டு வாசலில் நின்று பார்த்த அண்ணாச்சியின் மனைவி, நாங்கள் மதினி என்று கூப்பிடுகிறவர், ஓடி வந்தார்.

“தம்பி, கார்ல எடம் இருந்தா இவியளையும் கூட்டிட்டுப் போங்க. ஒரு நாளாச்சும் என் காது செத்த நேரம் ஓயட்டும்.”

அப்படித்தான் அண்ணாச்சி எங்கள் முன்சீட்டில் ஏறினார்.

முதல் ஞாயிறு ஐயனார் கோவில் அருவி. மே மாதத்தில் அருவியைப் பார்க்கப் போன புத்திசாலி நான். பாறையில் நூல் மாதிரி ஒரு கோடு இறங்கியது. அதன் அடியில் ஒருவர் தலைக்கு ஷாம்பு போட்டுவிட்டு நுரையோடு காத்து நின்றார். கவின் ஜட்டியோடு நின்று அழ ஆரம்பித்தான். அண்ணாச்சி சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டு, மலையைப் பார்த்து நின்று கூப்பிட்டார்.

“தண்ணீ… தண்ணீ… தண்ணீஈஈ…”

மலை எதிரொலித்தது. தண்ணீர் வரவில்லை.

“வரல தம்பி. எக்ஸ்பார்ட்டி!” என்று, கூப்பிட்டும் ஆள் வராத வழக்குக்குக் கோர்ட்டில் சொல்கிற தீர்ப்பைச் சொல்லிவிட்டுத் துண்டை உதறினார். கவின் அழுகையை மறந்து சிரித்தான். நுரைக்காரர் மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும் வழியில் மித்ரா சந்தேகம் கேட்டாள். “தாத்தா, மொதத் தடவையே வந்துட்டா என்ன?”

“அதெப்படி தாயி வர முடியும்? மொதக் கூப்பாடு காதுல விழுகுறதுக்கு. ரெண்டாவது எந்திச்சு வேட்டியக் கட்டுறதுக்கு. மூணாவதுக்கு வந்து நின்னு ‘ஆஜர்’னு சொல்லணும். அதுதான் மொற.”

அன்றோடு எங்கள் வீட்டின் நிம்மதி போயிற்று.

“மித்ரா, குளிக்க வா!” என்பாள் கலா. பதில் வராது. “மித்ரா!” என்று குரலை உயர்த்துவாள். “ரெண்டுதானம்மா ஆயிருக்கு” என்று கட்டிலுக்கு அடியிலிருந்து சத்தம் வரும். விடுமுறை வீட்டுப்பாடம் எழுதினாயா என்று கேட்டால் “வாய்தா”. தம்பியை ஏன் கிள்ளினாய் என்றால் “சாட்சி இருக்கா?”. கவின் ஒரு நாள் என் செல்போனைப் பால் டம்ளரில் போட்டான். சுவரைப் பார்த்து நிற்க வைத்தேன். அவன் ஜன்னல் பக்கம் திரும்பி ‘ஜாமீ… ஜாமீ…’ என்று கத்தினான். எதிர்வீட்டிலிருந்து உடனே பதில் வந்தது.

“தம்பி, பிள்ளைக்கு நான் ஜாமீன்! விட்டுருங்க!”

கலா பொங்கிவிட்டாள். “ஏங்க, ஒரு பிள்ளைய சாப்பாட்டுக்குக் கூப்பிட எம்புட்டு நேரந்தான் கத்துறது? ரோட்டுல வண்டி வரும்போதும் இவ ரெண்டு, மூணுன்னு எண்ணிட்டு நின்னா என்ன செய்ய? அவியகிட்ட நீங்க சொல்லுதியளா, நான் சொல்லட்டுமா?”

அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. நான்தான் சொல்லவில்லை. அடுத்த வாரம் சொல்கிறேன் என்றேன். அதுவும் வாய்தாதான்.

மூன்றாவது ஞாயிறு காலையில் செண்பகத்தோப்பு, சாயங்காலம் ஆண்டாள் கோயில் என்று திட்டம். செண்பகத்தோப்பில் புளிச்சோற்று வாளியைத் திறப்பதற்கு முன்பே ஒரு குரங்கு அதைத் தூக்கிக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது. நாங்கள் கையைப் பிசைந்தோம். அண்ணாச்சி விடவில்லை. மரத்தடியில் நின்று அந்தக் குரங்குக்கு முறைப்படி மூன்று கூப்பாடு போட்டார். அது வராமல் போகவே, புதிதாக ஒரு மூன்று. பிறகு அதன் தகப்பன் பேரைக் கேட்டு ஒரு மூன்று. ஒரு மணி நேரம் இதே கதை. குரங்கு அத்தனை சோற்றையும் தின்றுவிட்டுக் காலி வாளியை அவர் காலடியில் போட்டது.

“பாத்தியளா, பொருளு வந்துருச்சுல்ல?” என்றார். பாதிச் சொல் காற்றாகத்தான் வந்தது. தொண்டை கட்டிவிட்டது. காரில் வரும் வழியெல்லாம் சைகையில்தான் பேசினார். கலாவுக்கு அன்றைய பகலில் அந்த ஒன்றுதான் சந்தோஷம்.

சாயங்காலம் சாமி கும்பிட்டுவிட்டு நந்தவனத்துப் பக்கம் வந்தோம். ஆண்டாள் துளசிச் செடியடியில் குழந்தையாகக் கிடைத்தாள் என்று சொல்லும் இடம் அது. ஊருக்கே பிள்ளை கிடைத்த இடத்தில்தான் எங்கள் பிள்ளை காணாமல் போனாள்.

கலா கவினுக்குக் கை கழுவிவிடப் போயிருந்தாள். நான் இரண்டு நிமிஷம் செல்போனைப் பார்த்தேன். ஐந்து என்று கலா இன்றைக்கும் சொல்வாள். நிமிர்ந்தபோது மித்ரா இல்லை. அங்கே பத்துப் பதினைந்து பெண்பிள்ளைகள் பாவாடை சட்டையில் ஓடிக்கொண்டிருந்தார்கள். ஒன்றுகூட என் பிள்ளை இல்லை.

“மித்ரா! மித்ரா! ஏ மித்ரா!” என்று கத்தினேன். கலாவும் கவினை இடுப்பில் இடுக்கிக்கொண்டு ஓடி வந்து கத்தினாள். பிரகாரத்தின் அந்த முனை வரை ஓடிவிட்டுத் திரும்பினேன். பூக்காரப் பெண் ஒருத்தி “செவப்புப் பாவாடையா? இங்கனதான நின்னுச்சு” என்றாள். பக்கத்திலேயே வாசல், வெளியே ரோடு, பஸ். கலா அழவில்லை, என்னைப் பார்த்தாள். அழுதிருந்தால் தேவலை என்றிருந்தது.

அப்போது அண்ணாச்சி எங்கள் இரண்டு பேரையும் கையமர்த்திவிட்டு நடுவில் வந்து நின்றார். சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். மூச்சை இழுத்தார்.

“மித்ரா…”

கரகரத்தாலும் அந்தப் பழைய குரல்தான். ஓடிக்கொண்டிருந்த பிள்ளைகளெல்லாம் நின்றார்கள்.

“மித்ரா…”

இது பாதியில் உடைந்தது. மூன்றாவதற்கு வாயைத் திறந்தார். கழுத்து நரம்பு புடைத்தது. சத்தம் வரவில்லை. மறுபடியும் முயன்றார். வெறும் காற்று. கண்ணில் தண்ணீர் முட்ட, என் சட்டையைப் பிடித்து உலுக்கினார். மூன்று விரலைக் காட்டினார். என் நெஞ்சில் குத்தினார்.

எனக்குப் புரிந்துவிட்டது. நின்றேன். மூச்சு வாங்கினேன். கத்தாமல், கடைசி எழுத்தை இழுத்து, அவரைப் போலவே கூப்பிட்டேன்.

“மித்ராஆஆஆ…”

பத்தடி தூரத்தில், செடிக்குப் பின்னாலிருந்து, தலையெல்லாம் சருகோடு எழுந்து நின்றாள்.

“ஆஜர்!”

கலா ஓடிப்போய் அவள் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு கட்டிக்கொண்டு, அடக்கி வைத்த அழுகையை எல்லாம் அழுதாள். “அம்புட்டுக் கத்துறோம், காது கேக்கலியாடி உனக்கு?”

“நீங்க கத்துனீங்க. யாரும் கூப்பிடலியே!” என்றாள் மித்ரா, அடி வாங்கிய முதுகைத் தடவிக்கொண்டே. “தாத்தா ரெண்டு தடவதான் கூப்பிட்டாங்க. நான் மூணாவது கூப்பாட்டுக்குத்தான் வருவேன்.”

அண்ணாச்சி அந்தப் பேச்சைக் கேட்டார். பால்கோவா வாங்கித் தந்தோம். கையில் வைத்துக்கொண்டே இருந்தார், தின்னவில்லை. வீட்டு வாசலில் இறங்கும்போது கலாவிடம் காற்றுக் குரலில் சொன்னார்.

“எம் பழக்கத்தாலதான் தாயி பிள்ள ஒளிஞ்சுக்கிட்டு நின்னுச்சு. இனும நான் வரல.”

கலா கவினைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள். அவளுக்கும் அன்றைக்கு அதுதான் எண்ணம்.

இரண்டே நாளில் அவர் தொண்டை சரியாகியிருக்கும். ஆனால் எதிர்வீட்டிலிருந்து கூப்பாடே கேட்கவில்லை. கீரைக்கார அம்மா தானே கதவைத் தட்டினார். பூனை சாப்பாட்டு நேரம் தெரியாமல் எங்கள் வீட்டுக்கு வந்து நின்றது. மித்ரா முதல் கூப்பாட்டுக்கே குளிக்க வந்தாள். கலா ஆசைப்பட்டது இதுதான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஜன்னலோரம் நின்றுகொண்டு அவளே சொன்னாள், “என்னமோ தெருவுல கரண்ட் போன மாதிரில்ல இருக்கு?”

ஞாயிற்றுக்கிழமை நான் காரை எடுத்தேன். எதிர்வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. “தாத்தா இல்லாம நான் வரல” என்று மித்ரா இறங்கிவிட்டாள். வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த மதினியிடம் போய்க் கேட்டாள்.

“ஆச்சி, தாத்தா பேரு என்ன? மொறைப்படி கூப்பிடணும்.”

மதினிக்கு வெட்கம் வந்துவிட்டது. “அவிய பேர நான் எப்படிச் சொல்ல?” என்று முந்தானையால் வாயை மூடிக்கொண்டார். பிறகு உள்ளே போய் ரேஷன் கார்டை எடுத்து வந்து நீட்டினார். மித்ரா ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டி மனசுக்குள் படித்துக்கொண்டாள். அந்தப் பேரை இங்கே எழுத மாட்டேன். ஊராரைக் கூப்பிட்டே தொண்டையைத் தேய்த்தவரை அந்தப் பேர் சொல்லிக் கூப்பிட எத்தனை காலமாக ஆள் இல்லையோ!

மித்ரா கவுனை இழுத்துவிட்டுக்கொண்டு கதவுக்கு நேரே நின்றாள். மூச்சு வாங்கினாள். ஒரு தடவை கூப்பிட்டாள்.

கடைசி எழுத்தை அவள் இழுத்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. குளித்து, திருநீறு பூசி, வெள்ளைச் சட்டை போட்டு, கையில் பையோடு நின்றார் அண்ணாச்சி. காலில் செருப்பு கூட மாட்டியிருந்தார்.

“ஆஜர்!”

“தாத்தா, மொற தப்பு! இன்னும் ரெண்டு பாக்கி இருக்கு!” என்றாள் மித்ரா.

“இருக்கட்டும் தாயி. அந்த ரெண்டுக்கும் வாய்தா போட்டுக்கிடுவோம்” என்றார். குரல் கட்டியிருந்தது. இந்தத் தடவை குரங்கின் மேல் பழி போட முடியாது. பின்சீட்டிலிருந்த கலா இறங்கி, முன்கதவைத் திறந்துவிட்டாள்.