எட்டு ஸ்டிக்கரும் ஒரு முன்விசிறியும்

சிறு விமானம் அதிர்ந்தால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் மறுநாளே பரிசோதகர் வருவார். வந்தால், வந்ததற்கு அடையாளமாக முன்விசிறியில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டுப் போவார். தலைநகரிலிருந்த பரிசோதனை அலுவலகம் இந்தக் கடமையில் ஒருநாளும் தாமதித்ததில்லை. தொல்லையே அதுதான்.

டென்மார்க்கின் யூட்லாந்துப் பகுதியில், சிறிய விமான மன்றம் ஒன்றில் இருவர் அமரும் விமானம் இருந்தது. அதில் பறக்கக் கற்றவள் ரிக்மோர், பேருந்து ஓட்டுநர், வயது ஐம்பத்திரண்டு. வெள்ளிக்கிழமை அவளுக்கு இறுதிப் பறப்புத் தேர்வு. அன்று பறக்காவிட்டால், எழுதித் தேறிய ஒன்பது தாள்களும் சனிக்கிழமை காலாவதியாகிவிடும். வானிலைத் தாளில் மட்டும் அவள் மூன்றாவது முயற்சியில்தான் தேறியிருந்தாள்.

புதன்கிழமை விமானம் குளிர்காய்ச்சல் வந்ததுபோல் உதறியது. மெக்கானிக் ஆக்செல் எஞ்சினைத் தாங்கும் ரப்பர்களைப் பார்த்தான். பிளக்குகளைக் கழற்றிப் பார்த்தான். எல்லாம் சரியாக இருந்தன.

"முதல்ல எதுக்குப் புகார் குடுத்தோம்?"

"ஒரு பிளக் அழுக்கா இருந்துச்சு. நீ அன்னைக்கே துடைச்சிட்ட," என்றாள் ரிக்மோர்.

"ரெண்டாவது?"

"பரிசோதகர் வந்துட்டுப் போனப்புறம் லேசா உதறிச்சு."

"மூணாவது?"

"அவர் மறுபடி வந்துட்டுப் போனப்புறம் இன்னும் கொஞ்சம்."

ஆக்செல் இரண்டு இறக்கை கொண்ட முன்விசிறியைக் கழற்றி ஒரு கம்பியில் கோத்து, இரண்டு நாற்காலிகளுக்கு நடுவே சுழலவிட்டான். ஒவ்வொரு முறையும் ஒரே இறக்கை கீழே வந்து நின்றது. அதன் நுனியில் தடித்த அலுமினியத்தில் நான்கு ஸ்டிக்கர்கள். வெளிப்படைத்தன்மை அந்த ஆண்டின் நாகரிகம் என்பதால், ஒவ்வொன்றிலும் "உங்கள் கவலையைச் செவிமடுத்தோம்" என்று அச்சிட்டிருந்தது.

"செவிமடுத்த கனம்தான் இது. உரிச்சுடவா?"

"உரிச்சா ரெண்டு வருஷம் பறக்கத் தடை. அடியில சின்ன எழுத்துல போட்டிருக்கு, பாரு."

ரிக்மோர் பரிசோதகர் லௌரிட்ஸுக்குத் தொலைபேசினாள். அவர் நல்ல மனிதர். விதிக்கு உட்பட்ட எந்த உதவிக்கும் தயங்காதவர்.

"அடுத்த இறக்கையிலயும் நாலு ஒட்டிட்டா சரியாயிடும், லௌரிட்ஸ்."

"புகார் எந்த இறக்கை மேலயோ அதுலதான் ஒட்டணும். நாலு தடவையும் படிவத்துல முதல் இறக்கைன்னுதான் குறிச்சிருக்கீங்க."

"அப்போ ரெண்டாவது இறக்கை மேல நாலு புகார் குடுத்தா?"

அவர் ஏதோ புரட்டும் சத்தம் கேட்டது. "தாராளமா. ஆனா ஒரு வருகைக்கு ஒரு ஸ்டிக்கர்தான்."

வியாழக்கிழமை காலை லௌரிட்ஸ் வந்தார். கைகுலுக்கினார், தம்மை அறிமுகப்படுத்திக்கொண்டார், அதிர்வை மேற்பார்வையிட்டார், காபி குடித்தார், ஒரு ஸ்டிக்கர் ஒட்டினார், விடைபெற்றார். காரை வாசலுக்கு வெளியே கொண்டுபோய்த் திருப்பிக்கொண்டு மறுபடி வந்தார்.

"வாங்க, வாங்க," என்றான் ஆக்செல். "இப்பத்தான் உங்க மாதிரியே ஒருத்தர் வந்துட்டுப் போனாரு."

"அது முந்தின வருகை," என்றார் லௌரிட்ஸ், கண்டிப்புடன்.

நான்காம் வருகையில் அவரால் காபிக் கோப்பையைப் பார்க்கவே முடியவில்லை. ஆனால் எட்டாவது ஸ்டிக்கர் ஒட்டியாயிற்று. எஞ்சின் சீராக உறுமியது.

வெள்ளிக்கிழமை ரிக்மோர் தேறினாள். அன்று மாலையே பரிசோதனை அலுவலகத்திலிருந்து புகாரை முடித்துவைக்கும் படிவம் வந்தது. அதில் ஒரே கேள்வி: அதிர்வு எதனால் நின்றது? பதிலுக்கு ஒரு வரி இடம். பொய் எழுதக் கூடாது என்பதில் ரிக்மோர் உறுதியாக இருந்தாள். "எட்டாவது ஸ்டிக்கர் ஒட்டியதும் நின்றது" என்று எழுதினாள்.

"கொஞ்சம் விளக்கமா எழுதும்மா," என்றான் ஆக்செல்.

"எழுதின வரைக்கும் உண்மைதானே? உரிமம் கைக்கு வரட்டும், அப்புறம் விளக்கலாம்."

உரிமம் வந்தது. விளக்கம் மறந்துபோயிற்று. அடுத்த மாதம் அலுவலகம் சுற்றறிக்கை விட்டது: கள ஆய்வில் நிரூபணமானபடி, நாட்டின் ஒவ்வொரு முன்விசிறியிலும் இனி எட்டு ஸ்டிக்கர்கள் கட்டாயம். ஆய்வாளர்: ரிக்மோர்.

பக்கத்து மன்றத்தின் தலைவி ஓஸே அவளைத் தொலைபேசியில் பிடித்தாள்.

"ஏம்மா ஆய்வாளரே, எங்க விசிறிக்கு மூணு இறக்கை. மூணு, மூணு, ரெண்டுன்னு ஒட்டிட்டுப் போயிட்டாங்க. பல்லெல்லாம் ஆடுது. இப்போ என்ன பண்றது?"

ரிக்மோர் சற்று யோசித்தாள். விளக்கம் எழுதி அனுப்பலாம். ஆனால் அதற்கு மூன்று படிவங்கள். தவிரவும் ஆய்வாளர் என்ற சொல் கேட்க நன்றாகத்தான் இருந்தது.

"ஒண்ணுதானே குறையுது," என்றாள். "மூணாவது இறக்கை மேல ஒரு புகார் எழுதிப் போடுங்க."