இருமலை வெட்டிவிடாதே, தம்பி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் மாமாவும் பாப்பாவும் சௌக்கியம். அதில் இரண்டு பேர் தூக்கமில்லாத சௌக்கியம். நீயும் உன் கூட்டாளிகளும் நன்றாக இருக்க வேண்டும், முக்கியமாக உன் தொண்டை. காரை வெளியே தள்ளிவிட்டு, ஷெட்டுக்குள் நீங்கள் மூன்று பேரும் ஒரே நாளில் பதிவு செய்த ராக் ஆல்பத்தை அனுப்பி, "மனசுல பட்டதை மறைக்காம சொல்லுக்கா" என்று கேட்டிருந்தாய். பதில் எழுத உட்காரும்போதெல்லாம் பாப்பா விழித்துக்கொள்கிறாள், அதனால் தாமதம். இப்போது உங்கள் ஆல்பத்தை வெளியிட்ட கம்பெனிக்காரர் அதையே பெரிய ஸ்டுடியோவில் சுத்தமாகப் பாடித் தரச் சொல்கிறார், பழையதை எடுத்துவிடுவார்களாம், இந்த வாரத்துக்குள் சரியென்று சொல்ல வேண்டுமாம். இனியும் நான் தள்ளிப்போட்டால் அது பாவம்.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். முதல் தடவை போட்டபோது ஸ்பீக்கர் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். ஒரு கிட்டார், ஒரு பேஸ் கிட்டார், ஒரு டிரம்ஸ், அதற்கு மேல் உன் கத்தல், அவ்வளவுதான். பாட்டு தொடங்கும் முன் யாரோ நாற்காலியை இழுக்கிறார்கள், டிரம்ஸ் அடிக்கும் உன் தடியன் இருமுகிறான், ஒருவன் "போலாமாடா" என்கிறான், நீ பதிலே சொல்லாமல் ஆரம்பித்துவிடுகிறாய். நிறுத்தலாம் என்று கையை நீட்டினால், மதியத்திலிருந்து அழுதுகொண்டிருந்த பாப்பா வாயை மூடிக்கொண்டு ஸ்பீக்கரையே பார்க்கிறாள். குழந்தைகளுக்கென்றே மணியோசையும் மழைச்சத்தமும் கலந்து விற்கிற தாலாட்டுகளுக்கெல்லாம் வீடு இரண்டுபடும்படி அழுதவள், உன் இரண்டாவது பாட்டு முடிவதற்குள் என் தோளில் எச்சில் ஒழுகத் தூங்கிப்போனாள். வேறு யாருக்காவது என்றால் நிம்மதி வந்திருக்கும். எனக்கு, பிள்ளைக்குக் காது கேட்கவில்லையோ என்ற பயம்தான் வந்தது. மறுநாளே குழந்தை டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவர் காதுக்குள் விளக்கடித்துப் பார்த்தார், பின்னால் நின்று கிலுகிலுப்பை ஆட்டிப் பார்த்தார். "காது நல்லாத்தான்மா இருக்கு. அப்படி என்ன பாட்டு அது, போடுங்க" என்றார். போட்டேன்.

"யாரு பாடறது?"

"என் தம்பி, டாக்டர்."

"பாட்டு கத்துக்கிட்டவரா?"

"இல்ல டாக்டர்."

"தெரியுது" என்று சொல்லிச் சீட்டில் ஏதோ எழுதினார். மருந்தாக்கும் என்று கையை நீட்டினால், உங்கள் குழுவின் பெயரை எழுதித் தன் சட்டைப்பையில் வைத்துக்கொள்கிறார்.

அதோடு முடிந்ததா என்றால் இல்லை. கீழ்வீட்டுப் பெரியவர் கதவைத் தட்டினார். "ஏம்மா, வீட்ல ஏதாச்சும் சண்டையா?" என்றார். "இல்ல சார், குழந்தையத் தூங்க வைக்கிறேன்" என்றேன். என்னைப் பார்த்தார், தொட்டிலைப் பார்த்தார், இறங்கிப் போனார். வெட்கப்பட்டுக்கொண்டு சத்தத்தைப் பாதியாகக் குறைத்தேன். மறுநாள் மறுபடி வந்தார். "பாதி காதுல விழுந்தா மண்டை காயுதும்மா. வைக்கிறதுன்னா ஒழுங்கா வைங்க" என்றார். இதையெல்லாம் பார்த்த உன் மாமா சும்மா இருப்பாரா? ஆபீஸில் கூட்டங்களின் ஒலிப்பதிவில் இரைச்சலை நீக்கித் தருவதுதானே அவர் வேலை. மச்சானுக்கு நல்லது செய்கிறேன் பேர்வழி என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்க உட்கார்ந்து உன் ஆல்பத்தைக் கழுவித் துடைத்தார். நாற்காலி போயிற்று, இருமல் போயிற்று, ஆம்ப்ளிஃபயரின் உறுமல் போயிற்று, கடைசிப் பாட்டில் நீயே போய்விட்டாய். "மெஷின் உன் தம்பி குரலையும் இரைச்சல்னு நெனச்சிடுச்சு போல" என்றார். அதற்காக மெஷினைத் திட்டவும் எனக்கு மனம் வரவில்லை. ஆனால் துடைத்ததைப் போட்டதும் பாப்பா உதட்டைப் பிதுக்கி அழ ஆரம்பித்தவள், நீ அனுப்பியதைத் திரும்பப் போடும்வரை ஓயவில்லை.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. மாமா துடைத்ததில் பாட்டு இருந்தது, ஆள் இல்லை. நீ அனுப்பியதில் ஒரு அறை இருக்கிறது, அதற்குள் மூன்று பேர் வியர்த்துக்கொண்டு நிற்கிறார்கள். மூன்றாவது பாட்டில் உன் கிட்டார் கம்பி அறுகிறது. நீ நிறுத்தவில்லை, மிச்சக் கம்பிகளை வைத்துக்கொண்டு முன்னைவிட மூர்க்கமாக வாசிக்கிறாய், நீ சமாளிக்கும்வரை தடியன் ஓங்கி ஓங்கி அடிக்கிறான். பிள்ளை பிறந்ததிலிருந்து, தப்பாக எதையாவது செய்துவிடுவேனோ என்று பயந்து பயந்தே வாழ்கிறவள் நான். அந்த இடம் வரும்போது மட்டும் பால் பாட்டிலைக் கழுவிக்கொண்டே அப்படியே நின்றுவிடுகிறேன். இதைப் போய் ஸ்டுடியோவில் வழவழவென்று ஆக்கிவிட்டால் நானும் என் பிள்ளையும் எங்கே போவது? அதனால் அந்தக் கம்பெனிக்காரரிடம் முடியாது என்று மரியாதையாகச் சொல்லிவிடு. அக்கா இதுவரை உன்னிடம் எதுவும் கேட்டதில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு. வெந்நீர் குடி. மாமாவின் அன்பும், கீழ்வீட்டுப் பெரியவரின் விசாரிப்பும், பாப்பாவின் ஈர முத்தமும்.

இப்படிக்கு,
உன் அக்கா

பி.கு.: கடிதத்தை மடிக்கும்போது கரண்ட் போய்விட்டது. போனில் சார்ஜும் இல்லை. பாப்பா விழித்துக்கொண்டு கூரையைப் பிய்த்தாள். வேறு வழியில்லாமல் உன் பாட்டு ஒன்றை நானே கத்தினேன், பாதி வரி மறந்து, மீதி வரியை மாற்றி. உன் மாமா பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அடித்தார். அதைத் தாளம் என்று சொன்னால் நாக்கு அழுகும். பிள்ளை தூங்கிவிட்டாள். ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைத்துக்கொள்ளாதே. தாராளமாக ஸ்டுடியோவுக்குப் போ, வேண்டுமானால் நாலு வயலின்கூடச் சேர்த்துக்கொள். எங்களுக்கு இனி நீ தேவைப்பட மாட்டாய்.