பதினாலாவது விமானம்

நான் இனிமே யாருக்கும் பயப்படுறதா இல்லை. வேணும்னா எழுதிக் கையெழுத்தே போட்டுத் தர்றேன்.

முப்பத்தொரு வயசுல நான் இன்னும் ஆராய்ச்சி மாணவன். அது என் தப்பா? மூணாவது அத்தியாயம் வர மாட்டேங்குது. பேராசிரியர் திட்டுறாரு. பெண்டாட்டி திட்டுறா. திட்டட்டும். ஆனா விமானம் பாக்கக் கூடாதுன்னு சொல்ல இவங்க யாரு? வானம் என்ன இவங்க அப்பன் வீட்டு மொட்டை மாடியா?

எங்க தீவுல இருக்கறதே ஒரு ரன்வே. கைக்குட்டை சைஸு. கம்பி வேலி ஓரமா நின்னா, விமானம் நம்ம தலைக்கு வகிடு எடுத்துட்டுத்தான் இறங்கும். வால்ல இருக்கற பதிவு எண்ணைப் பைனாகுலர்ல பார்த்து மனசுக்குள்ள குறிச்சுக்கற சுகம் இருக்கே, அது மூணாவது அத்தியாயத்துக்குத் தெரியுமா?

போன மாசம் பெண்டாட்டி சட்டம் போட்டா. "அத்தியாயம் முடியற வரைக்கும் வேலிப் பக்கம் போகக் கூடாது. போனது தெரிஞ்சுதோ, பைனாகுலர் எங்க ஸ்கூல் பீரோவுக்குள்ள போயிடும்." இவ கணக்கு டீச்சர். சொன்னா செய்வா.

வர்ற சனிக்கிழமை நாலு என்ஜின் சரக்கு விமானம் ஒண்ணு வருது, மின்நிலையத்துக்கு மெஷின் தூக்கிக்கிட்டு. அவ்வளவு பெருசு இங்க இறங்கினதே இல்லை. இனியும் இறங்காது. அன்னைக்குப் பைனாகுலர் இல்லைன்னா நான் இருந்து என்ன பிரயோஜனம்? அதனால ஜாக்கிரதையா, "லைப்ரரிக்குப் போறேன்"னு சொல்லிட்டு வேலிக்குப் போய்க்கிட்டு இருந்தேன். இது பொய் இல்லை. போராட்டம்.

நேத்து சாயங்காலம் வந்து செருப்பைக் கழட்டறேன். இவ துணி மடிச்சுக்கிட்டு இருந்தா.

"லைப்ரரியில கூட்டமாங்க?"

"ஈ காக்கா இல்லை."

"பாவம். இன்னைக்குப் பெரிய ஜெட்டு ஒண்ணு வந்துச்சாமே. எட்டாங்கிளாஸ் பிள்ளைங்க சொல்லுதுங்க."

பல்லைக் கடிச்சேன். "அப்படியா?"

"ரெக்கை அடியில இருந்துச்சாம்."

நாக்கு அரிச்சுது. தண்ணி குடிச்சேன்.

"பச்சை வாலாம்."

"ம்."

"பத்து மணிக்கு மேற்கேயிருந்து வந்து இறங்குச்சாம்."

"எந்தக் குருட்டுப் பய சொன்னான்? ஜெட்டா அது? ரெண்டு காத்தாடி வச்ச விமானம்! ரெக்கை மேல இருக்கும்! வால் நீலம்! பத்து மணி இல்லை, பத்து நாப்பத்திரெண்டு! மேற்குக் காத்து அடிக்கறப்போ எவனாவது மேற்கேயிருந்து இறக்குவானா? கிழக்கேயிருந்து வந்து என் தொப்பியையே தூக்கிட்டுப் போச்சு!"

சட்டை மடிச்ச கை நின்னுது.

"லைப்ரரிக்குள்ளயாங்க தொப்பி பறந்துச்சு?"

இவ தலகாணி அடியிலிருந்து ஒரு நோட்டை எடுத்தா. சிவப்பு மையில தேதி, நேரம், விமானம், பதிவு எண். மொத்தம் பதிமூணு. பதினாலாவதை என் கண்ணு முன்னாடியே எழுதினா.

"நான் ஒண்ணைத் தப்பா சொல்லுவேன். நீங்க உடனே திருத்துவீங்க. கேட்டா 'எங்கேயோ படிச்சேன்'ம்பீங்க. தொப்பி இன்னைக்குத்தான் சிக்குச்சு."

நான் பொது அறிவுப் பேச்சுன்னுல்ல நினைச்சுக்கிட்டு இருந்தேன்!

விடுவேனா? "இது செல்லாது! எழுதினது நீ! இதுல என் கையெழுத்து இருக்கா? பேராசிரியர்கிட்ட காட்டு, கோர்ட்ல காட்டு, நான் ஒத்துக்க மாட்டேன்!"

"ஒத்துக்க வேண்டாங்க. சும்மா படிச்சுத்தான் பாருங்களேன்."

ஸ்கூல் பையைத் திறந்து, பைனாகுலருக்கு இடம் ஒதுக்கிக்கிட்டே நோட்டை நீட்டினா.

படிச்சேன். ஒன்பதாவது வரியில பதிவு எண் தப்பு. கடைசி இலக்கம் ஏழுன்னு போட்டிருக்கா! அது ஏழு இல்லை, ஒண்ணு! மனுஷன் எப்படிப் பொறுத்துக்கறது? பேனாவை வாங்கித் திருத்தினேன்.

திருத்தினா பக்கத்துல கையெழுத்துப் போடணும்னு டீச்சரம்மா சொன்னா.

போட்டேன்.