சம்மந்தத்துக்கு வந்த சீக்கு

புற்றுநோய் இல்லை என்று டாக்டர் சொன்னதும் சம்மந்தத்துக்கு முதலில் சந்தோஷம் வந்தது. அடுத்த நிமிடமே கவலை வந்துவிட்டது. இதை வீட்டில் எப்படிச் சொல்வது?

"குடல்ல வைரஸ் கிருமி, பெரியவரே. புண்ணாகி வீங்கியிருந்துச்சு. கேமராவுல பாத்தப்ப கட்டி மாதிரியே தெரிஞ்சுது. சதைய எடுத்து டெஸ்ட் பண்ணப்புறம்தான் வெளங்குச்சு. மாத்திரையிலயே சரியாயிடும்."

'கட்டி' என்ற சொல் அவர் ஊரான கரிக்கலாம்பாக்கத்துக்கு வந்து சேர்ந்த நாளிலிருந்து அவர் ராஜாவாக இருந்தார். கல்யாணமான நாள்முதல் அவர் கத்தலுக்குப் பதிலாக எரிந்து விழுந்த மனைவி கெங்கம்மாள் கால் பிடித்துவிட்டாள். மருமகள் அனிதா டிவி ரிமோட்டைக் கையில் கொடுத்தாள். இத்தனையையும் ஒரு கிருமிக்காக விடுவதா?

"டாக்டரு இன்னா சொன்னாரு?" என்று வாசலிலேயே கேட்டாள் கெங்கம்மாள்.

"இன்னா சொல்லுவாரு... மாத்திர குடுத்துக்கிறாரு. பாக்கலாம்னாரு."

பெருமூச்சு விட்டுப் படுத்தவர்தான்.

மாத்திரையில் கிருமி ஒழிந்தது; அகோரப் பசி வந்தது. அடுப்படியில் வஞ்சிரம் வறுபட்டது.

"எனுக்கு ஒரு துண்டு..."

"ஐயோ, உனுக்கு ஒத்துக்காதுயா. இந்தா, கஞ்சி."

நல்ல உடம்போடு ஒரு துண்டு மீனுக்குக் கண் கலங்குவது அவருக்கே கேவலமாக இருந்தது. அதை மறைக்க முனகினார். முனகலைக் கேள்விப்பட்டு பாகூரிலிருந்து மச்சான் சுப்புராயன் ஒரு சொம்பு வேப்பிலைச் சாறோடு வந்தார். சீக்காளி மறுக்க முடியுமா? குடித்தார். முகம் எட்டுக் கோணலானது.

"பாக்க முடியலயே! மயிலம் முருகனுக்கு வேண்டிக்கினேன். இவருக்கு மொட்ட, மீசையும் சேத்து!" என்றாள் கெங்கம்மாள்.

மீசை அவருக்கு உயிர். எழுந்து ஓடலாமா என்று யோசித்தார். சாகக் கிடப்பவர் ஓடினால் நன்றாகவா இருக்கும்? வேன் பிடித்து அழைத்துப் போனார்கள்.

தலை வழவழவென்று ஆனது. கத்தி மூக்குக்குக் கீழே வந்தபோது சம்மந்தம் துள்ளி எழுந்தார்.

"நிறுத்துயா! எனுக்கு கேன்சரே இல்ல! வெறும் வைரஸு! அதுவும் எப்பவோ போயிடுச்சு!"

யாரும் அதிர்ச்சியடையவில்லை. கெங்கம்மாள் கோபுரத்தைப் பார்த்தாள். சுப்புராயன் இருமினார். அனிதாதான் துண்டை நீட்டினாள்.

"தெரியும் மாமா, டாக்டரு அன்னிக்கே போன்ல சொல்லிட்டாரு, நீங்க யாரையும் கத்தாம படுத்துக்கினு இருந்தீங்களா, வூடே நிம்மதியா இருந்துச்சு, அதான் நாங்களும் கண்டுக்கல."